கை நனைக்காதவர்

“கா... கா...”

சக்கரவர்த்தியின் முற்றத்தில் நின்று கூப்பிட்டான்.

ஸ்ப்ளிட் என்ற கடற்கரை ஊர். ஊருக்கு நடுவே ரோமாபுரிக் காலத்து அரண்மனை. எல்லோரும் தூண்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அவனை எடுத்தார்கள்.

ஒரு வெள்ளைக்காரக் குழந்தை பதிலுக்குக் “கா” என்றது.

காலையிலிருந்து அவனுக்குக் கிடைத்த ஒரே பதில் அதுதான்.

படிக்கட்டில் ஒரு காகிதத்தட்டு. அதில் சோறு, பருப்பு, துளி நெய். சுற்றுலாக் குழுவோடு வந்திருந்த சமையல்காரர் தனியாகக் கட்டிக்கொடுத்தது. இன்று அப்பாவின் திதி. காக்கை எடுக்காமல் அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது.

வழக்கமாக இதெல்லாம் அண்ணன் பாடு. தஞ்சாவூர் மொட்டை மாடியில் அவர் வாயைத் திறப்பதற்குள் காக்கைகள் வரிசையில் நிற்கும். இந்த வருடம் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன். மாடி ஏற முடியாது. நீ வைத்துவிடு என்று சொல்லிவிட்டார். பயண ஏற்பாடெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. எங்கே வைத்தால் என்ன, காக்கை இல்லாத ஊரும் உலகத்தில் உண்டா என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

உண்டு போலிருக்கிறது.

இங்கே வந்ததெல்லாம் கடற்பறவைகள். வெள்ளை வெளேரென்று, கோபம் வந்த வாத்துகள் மாதிரி. கையை வீசி விரட்டினான்.

அடுத்து ஒரு சாம்பல் நிறப் பறவை. உடம்புக்கு மட்டும் அழுக்கு பனியன் மாட்டிக்கொண்டதுபோல. தட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தது. தொப்பியைக் கழற்றி ஓங்கினான். தூண்மேல் போய் உட்கார்ந்தது. மறுபடி வந்தது. மறுபடி ஓங்கினான்.

ஊரார் வீட்டுத் திதியில் இதற்கு என்ன அவசரம்?

“சார், புறா நிறைய இருக்கே. புறா ஆகாதா?” என்றார் கூட வந்த சேலத்து மளிகைக்கடைக்காரர். கையில் ஐஸ்க்ரீம்.

“புறாவுக்கும் எங்கப்பாவுக்கும் ஒத்துவராதுங்க.”

போன் அடித்தது. அண்ணன்.

“எடுத்துச்சாடா?”

“இன்னும் இல்லண்ணே.”

“சத்தமாக் கூப்பிடு. அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.”

அப்பா.

அவன் பிலோமினாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, அவன் வீட்டில் கை நனைக்காதவர். வரமாட்டார் என்றில்லை. வருவார். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று பேரப்பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். பிலோமினா நீட்டும் தண்ணீர் டம்ளர் மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியாது. கடைசிவரை தெரியவில்லை.

போன பிறகாவது ஒரு வாய் சாப்பிடட்டும். அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

முற்றத்தின் ஓரத்தில் எட்டுப் பட்டைக் கட்டடம் ஒன்று. கிறிஸ்தவர்களைத் துரத்தித் துரத்திக் கொன்ற சக்கரவர்த்தி தனக்கென்று கட்டிக்கொண்ட சமாதி என்றாள் வழிகாட்டிப் பெண் மரியானா. இப்போது அது தேவாலயம். பிலோமினா உள்ளே போய் ஜெபம் செய்துவிட்டு வந்தாள்.

“சக்கரவர்த்தி ஒண்ணும் சொல்லலையா?” என்று கேட்டான்.

“உங்கப்பாவுக்கு அவர் எவ்வளவோ தேவலைங்க.”

வெயில் ஏறியது. எங்கிருந்தோ மீன் வறுபடும் வாசனை வந்து அவன் வயிற்றைப் பிடித்து ஆட்டியது. பஸ் புறப்படும் நேரம் நெருங்கியது. சோற்றின்மேல் நெய் உறைந்து கிடந்தது.

பொறுக்கமுடியாமல் மரியானாவிடமே போனான். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டான். போதாத இடத்தில் கைகளை இறக்கையாக்கிப் பறந்து காட்டினான். உங்கள் ஊரில் காக்கையே கிடையாதா அம்மா?

மரியானா சிரித்தாள். தூண்மேல் விரலை நீட்டினாள். எங்கள் ஊர்க் காக்கை அதுதான், காலையிலிருந்து நீங்கள் விரட்டிக்கொண்டிருக்கிறீர்களே என்றாள்.

சாம்பல் பனியன் தூண்மேல் உட்கார்ந்திருந்தது.

அவன் தன் தொப்பியைப் பார்த்தான்.

அதைப் பைக்குள் திணித்தான்.

“வா” என்றான். “வாங்க” என்றான். அவன் கை அசைந்தபோதெல்லாம் அது ஒரு தூண் தள்ளிப் போனது. தட்டை அங்கே தூக்கிக்கொண்டு போனான். அது இங்கே வந்தது. இங்கே ஓடிவந்தான். அது அங்கே போனது. உயிரோடு இருந்தபோதும் மனிதர் இப்படித்தான்.

வேர்த்துக் கொட்டியது. தலை சுற்றியது.

“வீம்பு. செத்தும் போகாத வீம்பு” என்று படியில் பொத்தென்று உட்கார்ந்தான். தட்டைப் பக்கத்தில் வைத்தான். “நீ சாப்பிடு, பிலோ. பஸ் வந்துரும்.”

பிலோமினா மடியிலிருந்த தயிர்சாத டப்பாவைத் திறந்தாள்.

அப்போதுதான் கவனித்தான். அவளும் காலையிலிருந்து அதைத் திறக்கவில்லை.

முதல் கவளத்தை அள்ளப் போனாள்.

இறக்கைச் சத்தம்.

சாம்பல் காக்கை அவன் தட்டைத் தாண்டியது. நெய்ச்சோற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்துப் படியில் இறங்கியது. ஒரு தத்து. இன்னொரு தத்து. டப்பாவுக்குள் அலகை விட்டது.

அவள் கை அந்தரத்தில் நின்றது.

ஒரு வாய்.

இன்னொரு வாய்.

போன் அடித்தது. அண்ணன்தான். பறவை கலைந்துவிடப் போகிறதே என்று பதறி அமுக்கினான்.

பிலோமினா குனிந்தாள். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவளுக்குச் சொல்ல வாய்க்காத வார்த்தையைக் கூச்சத்தோடு சொன்னாள்.

“மெதுவா, மாமா. அடியில மோர்மிளகா இருக்கு.”

அவன் தன் தட்டைச் சத்தமில்லாமல் அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.