ஒருவரும் தொட மாட்டார்கள்

அவள் மூடிய கதவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

கதவுக்கு அப்பால் ஓர் அறை. அறையின் கோடியில் ஒரு ஜன்னல். ஜன்னல் விளிம்பில், நான்காம் மாடியின் குளிருக்குள் கால்களைத் தொங்கவிட்டபடி, அவன் அமர்ந்திருந்தான்.

கீழே நின்றவர்கள் அப்படித்தான் தகவல் அனுப்பியிருந்தார்கள். அவள் அவனைக் கண்டதில்லை. குரலை மட்டும் அறிவாள்.

அகதிகள் விடுதியின் நடைகூடம் அது. பேச்சுவார்த்தைக்கென வந்த காவல் அதிகாரி அவளருகே மண்டியிட்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவனுக்கு அவருடைய மொழி தெரியாது.

இடையில் அவள்.

மொழிபெயர்ப்பாளருக்கு விதி ஒன்று உண்டு. அதிகாரி ‘நான்’ என்றால் அவளும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். தன்னுடையதாக ஒரு சொல்லையும் சேர்க்கக் கூடாது. சொல்லப்பட்ட ஒன்றையும் விடக் கூடாது.

“நிரோயன்,” என்று அழைத்தார் அதிகாரி.

உள்ளே சிரிப்பைப் போன்ற ஓர் ஒலி.

“நிரோஜன் எண்டு சொல்லிக் குடுங்கோ அக்கா அந்த ஆளுக்கு. ஆரோ வேற ஒருத்தனைக் கூப்பிடுற மாதிரிக் கிடக்கு. பிறகு அவன்தான் வந்து கதவைத் திறக்கோணும்.”

அவள் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தாள். அதிகாரி மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர்.

மறுநாள் அவனை விமானத்தில் ஏற்றி ஊருக்குத் திருப்பி அனுப்புவதாக இருந்தது. அதைப் பற்றி அவன் இப்போது பேசவில்லை. ஒன்றை மட்டும் கேட்டான்.

“நானே நடந்து வாறன். ஒருத்தரும் என்னைத் தொடக் கூடாது. அங்க ஊரிலயும் நாலு பேர் சேர்ந்துதான் என்னைத் தூக்கிக்கொண்டு போனவங்கள்.”

“ஒருவரும் உங்களைத் தொட மாட்டார்கள். நான் உறுதி தருகிறேன்,” என்றார் அதிகாரி.

“ஒருத்தரும் தொட மாட்டினம். நான் உறுதி சொல்லுறன்,” என்றாள் அவள்.

சுவரோரம் நால்வர் நின்றிருந்தார்கள். கையுறை அணிந்திருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பாமலிருக்க முயன்றாள்.

“அந்த ஆளின்ர உறுதி எனக்கு வேண்டாம். உறுதி சொல்லத்தான் அவனுக்குச் சம்பளம். நீங்கள் சொல்லுங்கோ அக்கா. உங்களுக்குப் பிள்ளை இருக்கோ?”

அதையும் மொழிபெயர்த்தாள். விடை சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை.

கதவுக்கு அப்பால் இருந்தவன் அந்த மௌனத்தைக் கேட்டான்.

“இருக்கு, என்ன? அப்ப பிள்ளையின்ர தலையில கை வைச்சுச் சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ. நான் வாறன்.”

அதிகாரி புருவத்தை உயர்த்தினார். அவள் விளக்க முற்பட்டாள். எங்களிடையே அப்படிச் செய்யும் சத்தியம் பொய்த்துப்போனால் பிள்ளைக்கு…

அதிகாரியின் வானொலிக் கருவி இரைந்தது. ஜன்னல் சட்டத்திலிருந்து அவன் ஒரு கையை எடுத்துவிட்டான் என்றது.

“சொல்லிவிடுங்கள். தயவுசெய்து,” என்றார் அதிகாரி.

அவருக்கு அது ஒரு வாக்கியம்.

அவள் நால்வரையும் பார்த்தாள். ஒருவரும் கையுறையைக் கழற்றவில்லை.

சொன்னாள்.

“என்ர ஆரணியின்ர தலையில அடிச்சுச் சொல்லுறன், தம்பி. ஒருத்தரும் உங்களைத் தொட மாட்டினம்.”

பெயரை அவன் கேட்கவில்லை. அவளாகவே சேர்த்தாள்.

உள்ளே அவன் தரையில் இறங்கும் ஒலி கேட்டது. பிறகு ஜன்னல் மூடப்பட்டது. தாழ்ப்பாள் விலகியது.

குரலைவிட இளையவனாக இருந்தான். காலுறை மட்டும் அணிந்திருந்தான். தலைமுடியெங்கும் பனித்தூள். கூட்டத்தில் அவளைத் தேடினான். கண்டுகொண்டான். அவளை நோக்கி நடந்து வந்தான்.

நால்வரும் அவனை நோக்கி நகர்ந்தார்கள்.

அவன் கன்னம் தரையில் அழுந்தியிருந்தது. முதுகில் ஒரு முழங்கால். கண்கள் மட்டும் அவள் பக்கம் திரும்பின. அவன் திட்டப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்க்க ஆயத்தமாக இருந்தாள்.

“பரவாயில்லை அக்கா. நான் ஒண்டும் நினைக்கேல்லை. பிள்ளைக்கு ஒண்டும் வராது.”

“என்ன சொல்கிறார்?” என்று கேட்டார் அதிகாரி.

“ஒன்றுமில்லை,” என்றாள் அவள்.

அவர் அவளுடைய கையைப் பற்றிக் குலுக்கினார். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்றார்.

அது உண்மைதான்.

பள்ளிக்கூட வாசலில் பிற்பகலே இருட்டியிருந்தது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. தாய்மார் குனிந்து பிள்ளைகளுக்குத் தொப்பி அணிவித்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் ஓடி வந்தாள். ஒவ்வொரு நாளும் போலத் தலையைக் குனிந்து நின்றாள்.

தொப்பி தாயின் கையில் இருந்தது. அதன் ஓரத்தை மட்டும் பிடித்து நீட்டினாள்.

“அம்மாவின்ர கை சரியான குளிர். நீங்களே போடுங்கோ, ஆரணி.”

மகள் தலையை நிமிர்த்தவில்லை.

அதன் மேல் பனி விழுந்துகொண்டிருந்தது.