மூச்சுத் திணறும் கப்டன்

பழைய கடல் நாவலொன்றை ஷஹ்மா விண்வெளிச் சித்திரக்கதையாக மாற்றிக்கொண்டிருந்தாள். நாவலில் நீரில் மூழ்கிச் சாகும் கிழட்டுக் கப்டன், இதில் விண்கலத்தில் ஒக்சிசன் தீர்ந்து திணறுகிறார்.

கண்டிப் பதிப்பாளர் சேதுராமன் அந்தப் பக்கத்தைத் தாண்டவே இல்லை.

"இந்த முகத்த எப்படிம்மா வரைஞ்சீங்க?"

"திகனயில எங்கட வீட்டுல மாமனார் படுக்கையில இருக்கார் சேர். ஒக்சிசன் மெசின்லதான் மூச்சு. கரண்ட் போனா மெசின் நின்டுரும். அந்த நேரம் பார்த்து வரைஞ்சன்."

"அட பாவமே." புரட்டினார். அடுத்தடுத்த பக்கங்களிலும் அதே முகம். சேதுராமன் நிமிர்ந்தார். "இப்பல்லாம் கரண்ட் கட்டே இல்லையேம்மா?"

"ஊருல இல்லாட்டி என்ன சேர்? வீட்டுல மெயின் சுவிட்ச் இருக்குதானே."

பென்சிலைப் பைக்குள் வைத்தாள்.

"கப்டன் மூச்சு நின்டு மௌத்தாகிற கடைசிப் பக்கம்தான் பாக்கி. நாளைக்குத் தாறன்."