ஊதினால் போகிற தூசி

"இதுல என்ன கெட்டுப்போச்சு, சொல்லுங்க?"

கார்க்காரர் ஏர் ஃபில்டரை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். மடிப்பு மடிப்பான காகிதம். மடிப்புகளுக்குள் தூசி அப்பியிருந்தது.

"அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியுதா பாருங்க சார். மாத்திடலாம்," என்றார் மெக்கானிக்.

"போன தடவை வேற ஷெட்டுல ஊதியே கொடுத்தான்."

"ஊதினா காகிதம் பொத்துக்கும் சார். கண்ணுக்குத் தெரியாது. அது வழியா மண்ணு நேரா இன்ஜினுக்குள்ள போகும்."

"அப்போ இதை மட்டும் ஏன் கழுவினீங்க?" கார்க்காரர் இன்ஜினுக்குள் காற்று விடும் த்ராட்டில் பாடியைக் காட்டினார். ஸ்ப்ரே அடித்துத் துடைத்ததில் அது பளபளத்தது.

"அது உலோகம். கரி துடைச்சா போயிடும். இது காகிதம்."

"ஒண்ணைக் கழுவலாம், ஒண்ணைக் கழுவக் கூடாது. நல்லா இருக்கு உங்க நியாயம். அந்த மூலையில கம்ப்ரஸர் எதுக்கு நிக்குது? அழகுக்கா?"

பெஞ்சில் தன் முறைக்காகக் காத்திருந்தவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தார்.

"காசு எனக்குப் பெரிசில்ல. கண்ணுல மண்ணைத் தூவறதுதான் பிடிக்காது. ஊதிக் கொடுக்க முடியுமா, முடியாதா?"

மெக்கானிக் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. சாரை நான் பாத்திருக்கேன்."

"இருக்கும். தினம் நூறு பேர் பாக்கறாங்க. அத்தனை முகமும் எனக்கு ஞாபகம் இருக்குமா?"

பில் மேஜையிலிருந்து மெக்கானிக்கின் மனைவி எழுந்து வந்தாள். கணவரின் தோள் பக்கம் நின்று குரலைத் தாழ்த்தினாள்.

"வேண்டாங்க. மூணு வாரம் மாத்திரை முழுங்கினது வீணாயிடும். வேற இடம் பாத்துக்கட்டும்."

"ஏமாத்தறவன்னு சொல்லிட்டுப் போவாரு."

"சொல்லட்டுமே. மூச்சு பெரிசா, பேரு பெரிசா?"

மெக்கானிக் கொடியில் கிடந்த துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

வாசலில் வைத்து ஃபில்டரைத் தரையில் நாலு தட்டுத் தட்டினார். பிறகு காற்றுக் குழாயை உள்பக்கமிருந்து மடிப்பு மடிப்பாகப் பிடித்தார். சாம்பல் நிறத்தில் புகைபோல எழுந்தது.

கார்க்காரர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நாலடி பின்வாங்கினார்.

"இந்தப் பக்கம் வருது பாருங்க. அப்படித் திரும்பி ஊதுங்க."

மெக்கானிக் திரும்பினார். இப்போது காற்று தூசியை அவர் முகத்துக்கே கொண்டுவந்தது. அவர் குழாயை நிறுத்தவில்லை.

ஃபில்டரைப் பொருத்திப் பானட்டை மூடியதும் கார்க்காரர் சொன்னார்: "பாத்தீங்களா? புதுசு மாதிரி ஆயிடுச்சு. இதைப் போய் மாத்தணும்னீங்களே!"

மெக்கானிக்கை இருமல் பிடித்துக்கொண்டது. பானட்டில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து குனிந்து இருமினார். மனைவி தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்தாள்.

கார்க்காரர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இருமல் அடங்கும் வரை கவனமாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வருஷமா... சார்."

"படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"ஆமா சார்."

"நீங்க தூசிப் பக்கமே போகக் கூடாது. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க சார்."

"சொன்னாக் கேக்கணும். உங்களை மாதிரி ஆளுங்களோட இதுதான் தொல்லை. உடம்பு வீணாப் போனப்புறம் எங்ககிட்ட வந்து நிப்பீங்க." சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து பானட்டின் மேல் வைத்தார். "சாயங்காலம் கிளினிக்குல இருப்பேன். வந்து காட்டுங்க."

மெக்கானிக் அட்டையை எடுத்துக்கொண்டதும் கார் கிளம்பிப் போயிற்று.

"யாருங்க அது?" என்றாள் மனைவி.

அதற்குள் பெஞ்சில் இருந்தவர் எழுந்து வந்துவிட்டார். "அண்ணே, என் வண்டிக்கும் மாத்தணும்னு காலையில சொன்னீங்களே. ஊதினாலே போதும்போல இருக்கே?"

மெக்கானிக் மேஜை இழுப்பறையைத் திறந்தார். நீல ஃபைலில் முதல் மருந்துச் சீட்டு: 'தூசி கூடவே கூடாது.' அடியில் இரண்டு கோடு. அதன் மூலையில், மூன்று வாரமாகப் பின் குத்தியபடி, இதே அட்டை ஒன்று இருந்தது.

கையிலிருந்ததை அதன் பின்னால் செருகி இழுப்பறையை மூடினார். கழுத்தில் இறங்கியிருந்த துண்டை அவிழ்த்து ஒரு உதறு உதறி, மறுபடியும் முகத்தில் கட்டிக்கொண்டார்.