ஐந்து மணிக்கு அணைந்த காது

பணியில் இருப்பவர்களுக்கு மட்டுமே அரசுக் காப்பீட்டில் காதுக்கருவி உண்டு. பேருந்து நடத்துனர் துரைக்கண்ணு அன்று ஓய்வு பெற்றார். மாலை ஐந்து மணிக்கு அவர் காதிலிருந்த கருவி தானாக அணைந்துவிடும்.

அவர் நேராக மகப்பேறு மருத்துவமனைக்கு ஓடினார். பிரசவ அறையில் மகள் வலியில் கத்திக்கொண்டிருந்தாள். மனைவி பவுனம்மாள் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"இன்னும் ஒரு மணி நேரம் குடுங்கய்யா. பேரப்புள்ள அழுவுற சத்தத்த அவரு கேக்கணும்."

"அது வேலைக்குத் தேவையில்லையேம்மா" என்றார் அதிகாரி.

ஐந்து மணிக்கு மகளின் குரல் பாதியில் அறுந்தது.

"ஐயோ, புள்ளைக்கு என்னாச்சு?" என்று பதறினார் துரைக்கண்ணு. ஒன்றுமில்லை என்று பவுனம்மாள் கையசைத்தாள்.

சற்று நேரத்தில் நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்தாள். அதன் வாய் அகலத் திறந்திருந்தது.

"சத்தமா அழுவுதா?"

பவுனம்மாள் தலையாட்டினாள். அவர் குழந்தையின் மார்பில் உள்ளங்கையை வைத்தார். அழுகையின் அதிர்வு அடங்கும்வரை எடுக்கவில்லை.