சாயக்காரர் கை

ரேஷனில் சர்க்கரையை நிறுத்திவிட்டு நொதித்தூள் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து, எங்கள் வீட்டில் பழைய துணிதான் இனிப்பு. பருத்தித் துணியைக் கிழித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுத் தூளைக் கலந்தால் மெல்லக் கரைந்து பாகாகிவிடும். எப்போதாவது ஒருமுறை மெதுவாகப் புரட்டிவிட்டால் போதும். விடாமல் வேகமாகக் கிண்டினால் நொதி செத்துப்போகும், துணி துணியாகவே கிடக்கும்.

இதை என் வீட்டுக்காரர் மயில்சாமிக்கு எத்தனை தடவைதான் சொல்வது? திருப்பூர்ச் சாயப்பட்டறையில் காலமெல்லாம் துணி புரட்டியவர். புரட்டாமல் விட்டால் நிறம் திட்டுத்திட்டாக ஏறிவிடும் என்ற பயம் இன்னும் போகவில்லை. தண்ணீரில் துணி சும்மா கிடந்தால் கை பரபரக்கும். என் சேலைகளும் அவர் வேட்டியும் அப்படித்தான் பாழாயின.

மகள் பூங்கோதை நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வருகிறாள். பிள்ளை நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க வேண்டுமே என்று, பூங்கோதையைக் குழந்தையில் தூங்கவைத்த தொட்டில் சேலையையே கிழித்து, தொட்டித் தண்ணீரில் தூளோடு போட்டேன். வீட்டில் மிஞ்சியிருந்த பருத்தி அது ஒன்றுதான். "தொடவே தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

திரும்பி வந்தால், தொட்டி முன்னால் உட்கார்ந்து வேர்க்க விறுவிறுக்கக் கிண்டிக்கொண்டிருக்கிறார். விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். துணி அலசிய தண்ணீர்.

"ஏனுங்க, இதையுமா?"

"திட்டுத்திட்டா ஆயிருமல்ல அம்மிணி" என்றார். "பேரப்புள்ள நாக்குல படறது."

கிழிசல்களை அள்ளிப் பிழிந்து கொடியில் போட்டேன். ஒன்றில்கூடத் திட்டு இல்லை. இனிப்பும் இல்லை.