நாலு சக்கரமும் இழுக்கும்

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குள் திரும்பும் வளைவில் பஞ்சர் கடை வைத்திருக்கும் விக்டோரியா, காலைத் தூறலில் நின்றுகொண்டு, ஒரு பெயின்ட் டப்பாவிலிருந்து எதையோ அள்ளி அள்ளி ரோட்டில் தூவிக்கொண்டிருந்தாள். அன்று நான் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பியது நல்லதாகப் போயிற்று.

பஞ்சர் கடைக்காரி ரோட்டில் எதைத் தூவுவாள்? மல்லிகைப்பூவையா?

ஜீப்பை ஓரங்கட்டி இறங்கினேன்.

“ஆணிதானே?”

“ஐய, இன்னா சார் நீங்க! ஜல்லித்தூள் சார். லாரிங்க ஆயிலும் சேறுமா கொட்டிக்கினு போவுது. மழ பேஞ்சா இந்த எடம் சோப்பு கணக்கா வழுக்குது.”

“யாருக்கு வழுக்குது? போன வருஷ மழை முழுக்க இந்த வளைவில்தான் போனேன். ஒரு தடவை வழுக்கியிருக்கா? ஏன் தெரியுமா? இது ஃபோர் வீல் டிரைவ். நாலு சக்கரமும் இழுக்கும்!”

அவள் என் டயர்களைப் பார்த்தாள். திருட்டு முழி என்று முடிவு கட்டினேன்.

இவள் மேல் எனக்கு முன்பே சந்தேகம் உண்டு. போன வருஷம் காற்றடிக்க நிறுத்தியபோது, “டயரு மொழுக்குன்னு ஆயிடுச்சு சார், மாத்திடுங்க” என்றாள். “உன் வியாபாரத்தை என்கிட்ட காட்டாதே” என்று சொல்லிவிட்டுப் போனேன். எத்தனை பேரைப் பார்த்தவன் நான்!

டப்பாவைப் பிடுங்கி உள்ளே துழாவினேன். ஆணி அகப்படவில்லை. அடியில் இருக்கும். சாட்சிக்காக அதை ஜீப்பின் பின்சீட்டில் வைத்தேன்.

“இனிமே ரோட்டில் ஒரு பிடி தூள் விழக்கூடாது. திங்கட்கிழமை உன் கடையே இருக்காது பார்.”

“சார், சார்! இத்த நம்பித்தான் சார் எங்க ஊடு ஓடுது.”

நான் கேட்டால்தானே? அவளைக் கடையோடு சேர்த்துப் படம் எடுத்து, கம்பெனி மேனேஜர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ‘ஆணி தூவும் பஞ்சர் கடை. உஷார்!’ கட்டைவிரல்கள் குவிந்தன. “ரோட்டோரக் கடைதானே, திங்கட்கிழமை தூக்கிடலாம்” என்று ஒருவர் பதில் போட்டார். ஊருக்கே நல்லது செய்த திருப்தியில் கேன்டீனில் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் நல்ல மழை. கவரைப்பேட்டையில் குடையோடு பஸ்ஸுக்கு நின்ற எங்கள் ஜூனியர் இன்ஜினியர் கோபாலை ஏற்றிக்கொண்டேன். பெருமை பேச ஒரு ஆள் வேண்டுமே.

“இந்த மழைல பைக் எடுக்க பயமா இருந்துச்சு சார்.”

“அதுக்குத்தான் என்னை மாதிரி வண்டி வாங்கணும்” என்று ஆரம்பித்தவன், வளைவு வரும்வரை நிறுத்தவில்லை. கோபால் பாவம், தலையாட்டிக்கொண்டே வந்தான்.

வளைவில் விக்டோரியா நனைந்தபடி நின்று, இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தாள்.

“மன்னிப்புக் கேட்க வந்து நிக்கிறா பாருங்க” என்று சொல்லி, வேகத்தைக் குறைக்காமல் திருப்பினேன்.

நாலு சக்கரமும் இழுக்கும் என்று சொன்னேன் அல்லவா? நாலும் ஒற்றுமையாக வழுக்கின. பிரேக்கை மிதித்தேன். இன்னும் உற்சாகமாக வழுக்கின. ஜீப் பக்கவாட்டில் போய், அவள் கடை வாசலில் குவித்திருந்த பழைய டயர்களில் மோதி நின்றது. பின்சீட்டு டப்பா உருண்டு, சாட்சியெல்லாம் என் சட்டைக்குள் கொட்டியது.

கம்பெனி பஸ்ஸுக்கு வழக்கமாக அங்கே நிற்கும் பெண்களை அவள் முன்னதாகவே எட்டத்தில் நிறுத்திவைத்திருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

கோபால் இறங்கி டயரைத் தடவினான்.

“சார், மொட்டையா இருக்கே! இவங்க தூக்கிப்போட்ட டயர்லகூட இதவிட அதிகமா பட்டன், வரியெல்லாம் இருக்கு.”

இறங்கி நின்று மழையில் நனைந்துகொண்டிருந்த என் வழுக்கைத் தலையைத்தான் சொல்கிறானோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

விக்டோரியா ஓடிவந்தாள். “அடி கிடி ஒண்ணும் இல்லியே சார்? அப்டி குந்துங்க.”

எனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், ஜீப்புக்குள் கொட்டிக் கிடந்த தூளை டப்பாவில் வாரினாள்.

விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை எனக்கு. “தூவு, தூவு. பாவம், பைக்கில் வர்ற ஜனங்களுக்காவது பிரயோஜனப்படட்டும்” என்றேன், பெரிய மனசோடு.

“பைக்குக்காரங்க மழன்னா எறங்கி தள்ளிக்கினு போயிடுவாங்க சார். இத்த ஒங்க ஜீப்புக்குன்னுதான் போடுறேன். நீங்க வர்றதுக்குள்ள போட்டுருவேன்.”

போனை எடுத்து, ‘கடையை யாரும் தொட வேண்டாம். தப்பு முழுக்க என்னுடையது’ என்று குரூப்பில் போட்டேன். கட்டைவிரல் ஒன்றுகூட வரவில்லை.

“ஏம்மா, இதை என்கிட்ட வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?”

“போன வருசமே சொன்னேனே சார், டயர மாத்துங்கன்னு. வியாபாரம் பண்றேன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. அதுக்கு அடுத்த மழைலேர்ந்துதான் சார் தூள் போடுறேன்.”