ஆடாத மேசை

“மேசை ஆடுது தம்பி,” என்றாள் வடிவம்மாள். காபி தளும்பிக் கொட்டியிருந்தது.

குற்றாலத்தில் அருவியில் குளித்த கையோடு அவளும் புருஷன் சொரிமுத்துவும் இந்த ஓட்டலுக்குத்தான் வருவார்கள். அப்போதும் மேசை ஆடும். “காலை ஆட்டாதீய, குடும்பத்துக்கு ஆகாது” என்று அவரைத் திட்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு காலையும் நாற்காலியில் தூக்கி மடக்கிக்கொள்வார். மேசையும் அடங்கிவிடும்.

அவர் போய்ச் சேர்ந்தபின் தனியாக வருகிறாள். மேசை இன்னும் ஆடுகிறது.

“பாவம், அவுகள சும்மா திட்டிருக்கேன். மேசதான் சரியில்ல.”

ஓட்டல்காரர் லிங்கேஸ்வரன் மேசையை அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. குனிந்து அடியில் பார்த்தவர் தயங்கினார்.

“மேச நல்லாத்தான் இருக்கு அக்கா. ஒங்க காலுதான் கீழ்ச்சட்டத்துல மிதிச்சு ஆட்டுது. நீங்க திட்டும்போது மட்டும் தன்னால நின்னுரும். அண்ணாச்சிக்கு அப்பமே தெரியும். ‘அவகிட்ட சொல்லிராத’ன்னாக.”

வடிவம்மாள் காலை நிறுத்தினாள். காபி அசையாமல் நின்றது. எதிர் நாற்காலி வெறுமனே கிடந்தது.

லிங்கேஸ்வரன் கல்லாவுக்குத் திரும்பியதும், மெல்லக் காலை ஆட்டத் தொடங்கினாள்.

“ஆட்டாதீய,” என்றாள், எதிர் நாற்காலியைப் பார்த்து.